கையெழுத்துப் போட வேண்டிய இடம்

1

குத்துச்சண்டையை நான் ரசித்ததில்லை. ஒருவனுடைய மூளை இன்னொருவனுடைய கையால் கலங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒரு சுபாவம் வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்திருக்கிறேன். ஹாஸ்லிட் 1822-ல் எழுதியது, நார்மன் மெய்லர் 1975-ல் எழுதியது, ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் 1987-ல் எழுதியது. மூவருமே உரைநடை அறிந்தவர்கள். மூவரையும் படித்து முடித்தபின் என் மனதில் தங்கியது உடம்புதான். வியர்வை, மூச்சு, ஒரு மனிதன் விழுகிற விதம். இலக்கியக்காரர்களுக்கு உடம்பின் மேல் ஒரு மயக்கம் உண்டு. தங்களுடைய தொழிலில் அது கிடையாது என்பதால் இருக்கலாம்.

எனக்கு ஆர்வம் ஏற்பட்டது வேறொன்றில். சண்டைக்கு முன்னால் ஒரு காகிதம் வருகிறது. சண்டைக்குப் பின்னால், பல வருஷங்கள் கழித்தும்கூட, அந்தக் காகிதம் நீதிமன்றத்துக்கு வருகிறது. இடையில் நடப்பதைத்தான் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் காகிதங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். இது விசித்திரமான படிப்பு என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. தினமும் பத்து மணியிலிருந்து காகிதத்தில் கையெழுத்து வாங்குவதே என் ஜீவனம். கவிதையைப் பற்றி நான் எழுதுவதற்கெல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வேளை. இந்த இரண்டு வாழ்க்கையும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதும், அங்கே நான் எந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன் என்பதும்தான் இந்தக் கட்டுரை.

2

இந்த விவகாரங்களுக்கு மூலம் குத்துச்சண்டையில் இல்லை, சங்கீதத்தில் இருக்கிறது. ஜொஹானா வாக்னர் என்ற பாடகி, இசைமேதை வாக்னரின் உறவினள், லண்டனில் லம்லி என்பவருடைய அரங்கில் பாடுவதாகவும், அந்தக் காலத்தில் வேறெங்கும் பாடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டாள். போட்டி அரங்கு கூடுதல் பணம் தருவதாகச் சொல்ல, அங்கே போகப் பார்த்தாள். 1852-ல் நீதிபதி செயின்ட் லெனார்ட்ஸ் பிரபு சொன்ன தீர்ப்பின் சாரம் இது: உன்னைப் பாடவைக்க என்னால் முடியாது, ஆனால் வேறிடத்தில் பாடாமல் இருக்கச் செய்ய முடியும். சட்டத்துக்குக் குரலைத் திறக்கும் சக்தி இல்லை, அடைக்கும் சக்தி உண்டு. இதைவிடச் சுருக்கமாக ஸ்தாபனத்துக்கும் கலைஞனுக்குமான உறவைச் சொன்ன விமர்சனம் எதையும் நான் படித்ததில்லை.

இந்தத் தர்க்கம் தொண்டையிலிருந்து முஷ்டிக்கு வந்து சேர எண்பது வருஷம்கூட ஆகவில்லை. ப்ரிமோ கார்னேரா, இத்தாலியில் பிறந்து பிரான்ஸில் சர்க்கஸில் வேலை பார்த்த பூதாகாரமான மனிதன். 1931 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டான். குறிப்பிட்ட ஒரு சண்டை நடக்கும்வரை, அவர்களுடைய அனுமதி இல்லாமல் பெரிய வீரர்கள் யாருடனும் மோதுவதில்லை என்று அதில் ஒரு ஷரத்து. பிறகு ஷார்க்கியுடன் சண்டைக்கு ஒப்புக்கொண்டான். மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. கார்னேராவின் பின்னால் இருந்தவர்கள் ரௌடிக் கும்பல்காரர்கள் என்பதும், அவனுடைய பல வெற்றிகளின் மேல் சந்தேகம் இருந்தது என்பதும், சம்பாதித்ததில் பெரும்பகுதி அவன் கைக்கு வரவில்லை என்பதும் பிரசித்தம். பட் ஷுல்பர்க் அவனை மனதில் வைத்து 1947-ல் ஒரு நாவல் எழுதினார். 1956-ல் அது திரைப்படமாக வந்தபோது, தன் வாழ்க்கையைத் தன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்று கார்னேரா வழக்குத் தொடர்ந்து தோற்றான். முதலில் கைகள் அவனுடையவை அல்ல என்று ஆயிற்று, கடைசியில் கதையும்.

1937-ல் இதே கார்டன் நிறுவனம் இன்னொரு சாம்பியன் மேல் வழக்குப் போட்டது. ஜேம்ஸ் பிராடக். ஷ்மெலிங்குடன் மோதுவதாக அவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, ஜோ லூயியுடன் மோதப் போனவர். இந்தத் தடவை நீதிமன்றம் தடை தர மறுத்தது. ஒரு மனிதனின் தொழிலை இத்தனை அகலமாகக் கட்டிப்போடுவது நியாயமல்ல என்றது. ஆறு வருஷ இடைவெளியில் ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரியான ஷரத்து, இரண்டு தீர்ப்பு. இதை வைத்துக்கொண்டு சட்டம் சுதந்திரத்தை நோக்கி நகர்ந்தது என்று சந்தோஷப்படத் தோன்றும். நானும் சந்தோஷப்பட்டேன், அடுத்த பக்கத்தைப் படிக்கும்வரை. பிராடக்கின் மானேஜர் ஜோ கூல்ட், லூயியின் சண்டைகளை நடத்திவந்த மைக் ஜேக்கப்ஸிடம் ஒரு வாக்குறுதி வாங்கியிருந்தார். அடுத்த பத்து வருஷத்துக்கு, ஜேக்கப்ஸ் நடத்தும் ஹெவிவெயிட் பட்டச் சண்டைகளின் நிகர லாபத்தில் பத்து சதவீதம். ஜூன் 22 அன்று சிகாகோவில் எட்டாவது சுற்றில் பிராடக் தரையில் கிடந்தார். அந்தக் கணத்திலிருந்து அவரை வீழ்த்திய கை, அவர் தரப்புக்காகவும் உழைக்க ஆரம்பித்துவிட்டது. தோற்றவனின் பங்கு ஜெயித்தவனின் முஷ்டியில் இருந்தது. ஜெயித்தவனிடம் இதைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜோ லூயி பாடம் கற்றுக்கொண்டார். இங்கேதான் கதை எனக்குச் சங்கடமாகிறது. 1949-ல் ஓய்வு பெற முடிவுசெய்தபோது, தன் பட்டத்துக்கு அடுத்து வரக்கூடிய முக்கியமான நான்கு வீரர்களிடம் தனித்தனியாக ஒப்பந்தம் வாங்கினார். அவற்றை மொத்தமாக ஜேம்ஸ் நாரிஸ், ஆர்தர் விர்ட்ஸ் என்ற இரண்டு முதலாளிகளிடம் கொடுத்தார். விலை 1,50,000 டாலர், புதிய நிறுவனத்தில் 20 சதவீதப் பங்கு, வருஷச் சம்பளம். அப்படி உருவான இன்டர்நேஷனல் பாக்ஸிங் கிளப், அடுத்த நான்கு வருஷத்தில் அமெரிக்காவில் நடந்த 44 பட்டச் சண்டைகளில் 36-ஐத் தன் கையில் வைத்திருந்தது. இது ஏகபோகம் என்று கடைசியில் 1959-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைக் கலைத்த தீர்ப்பை உறுதிப்படுத்தியது. இடைப்பட்ட பத்து வருஷத்தில் மேலே வர முடியாமல் போன இளைஞர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பிரயோசனம் என்று தெரியவில்லை. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குமுறையின் இலக்கணத்தை நன்றாகவே கற்றுக்கொள்கிறான் என்பதற்கு உதாரணமாக லூயியைச் சொல்லி விட்டுவிடலாம். ஆனால் அவரும் அந்தப் பணத்தை அனுபவித்தவர் அல்ல. யுத்த காலத்தில் இரண்டு பட்டச் சண்டைகளின் சம்பாத்தியத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தவர். வரி பாக்கி அவரை விடவில்லை. கடைசி வருஷங்களில் லாஸ் வேகாஸில் சீஸர்ஸ் பாலஸ் சூதாட்ட விடுதியில், வருகிற விருந்தாளிகளுக்குக் கை கொடுத்து வரவேற்கும் உத்தியோகம் பார்த்தார். அந்தக் கைதான்.

3

ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சாம்பியனோடு மோத ஒரு இளைஞன் விரும்புகிறான். பிரமோட்டர் என்கிற, சண்டையை நடத்தும் முதலாளி சம்மதிக்கிறார், ஒரு நிபந்தனையோடு. நீ ஜெயித்தால் உன் அடுத்த சில சண்டைகளையும் நான்தான் நடத்துவேன். இதற்கு ஆப்ஷன் என்று பெயர். தேர்வு என்று அர்த்தம். தேர்வு யாருக்கு இல்லையோ அவன் கையெழுத்திடுகிறான். விளைவு, மேடையில் யார் ஜெயித்தாலும் பட்டம் ஒரே ஆளின் சட்டைப்பையில் இருக்கும். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஃப்ரேஸியருடன் காரில் சண்டைக்குப் போய், அவரை வீழ்த்திய ஃபோர்மனுடன் திரும்பி வந்ததாக டான் கிங் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். இந்த ஒரு கார் சவாரியில் அந்தத் தொழிலின் முழு இலக்கணமும் இருக்கிறது. அடுத்த வருஷம் கின்ஷாஸாவில் அலிக்கும் ஃபோர்மனுக்கும் தலைக்கு 50 லட்சம் டாலர் என்று இருவரிடமும் சம்மதம் வாங்கியபோது கிங்கிடம் பணம் இல்லை. இருந்தது இரண்டு கையெழுத்துக்கள். அவற்றைக் காட்டித்தான் மொபுட்டுவின் அரசாங்கத்திடமிருந்து பணம் வந்தது. கடன் பத்திரங்களோடு பழகுகிற எனக்கு இதில் ஒரு தொழில்முறை வியப்பு உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

டான் கிங்கை மட்டும் ராட்சஸனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளைக்கார கனவான்கள் நெடுங்காலம் செய்ததைக் கறுப்பு மனிதன் ஒருவன் உரத்த குரலோடு செய்தான் என்பதால்தான் அவன் பெயர் இத்தனை தூரம் கெட்டது என்றும் வாதாடலாம். ஆனால் டிம் விதர்ஸ்பூனின் விவகாரத்தைப் படித்தபின் அந்த வாதத்தைத் தொடரத் தெம்பில்லை. ஜாக் நியூஃபீல்ட் 1995-ல் வெளியிட்ட நூலில் அதை விவரிக்கிறார். விதர்ஸ்பூனிடம் நான்கு ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கினார்கள். தன் வக்கீலை உடன் வைத்துக்கொள்ள அனுமதிக்கவில்லை. ஒன்று டான் கிங்குடன். இரண்டு, கிங்கின் வளர்ப்பு மகன் கார்லை மானேஜராக நியமிப்பவை. இந்த இரண்டும் வரிக்கு வரி ஒன்றே, ஒரு எண் நீங்கலாக: வெளியே காட்டுவதற்கான பிரதியில் மானேஜரின் பங்கு 33 சதவீதம், உள்ளே வைத்துக்கொள்வதில் 50 சதவீதம். நான்காவது காகிதம் வெறுமையாக இருந்தது.

நம் வட்டத்தில் மௌனத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நானே, ஒரு கவிஞரின் இரண்டு வரிகளுக்கு நடுவே விடப்பட்டிருந்த வெற்றிடத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியவன். அந்த வெண்மையில் எல்லா அர்த்தங்களும் சாத்தியமாகின்றன என்று அதில் ஒரு வாக்கியம் வரும். விதர்ஸ்பூனின் நான்காவது காகிதத்திலும் எல்லா அர்த்தங்களும் சாத்தியமாகத்தான் இருந்தன. அந்த வாக்கியத்தை எழுதியதற்காக இப்போது வெட்கமாக இருக்கிறது.

கணக்கையும் பார்க்கலாம். 1986 ஜூலையில் லண்டனில் விதர்ஸ்பூன் ஃப்ராங்க் ப்ரூனோவைப் பதினொன்றாவது சுற்றில் வீழ்த்தினார். ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சி கிங்குக்குக் கொடுத்தது 17 லட்சம் டாலர். விதர்ஸ்பூனுக்கு எழுதப்பட்ட தொகை 5 லட்சம். பிடித்தம் போகக் கைக்கு வந்தது சுமார் 90,000. கார்லுக்குப் போனது 2,75,000. பயிற்சிக்கு அலி தன்னுடைய முகாமை இலவசமாகத் தந்திருந்தார். ஆனால் விதர்ஸ்பூன் கிங்கின் முகாமில்தான் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது, அதற்கு நாளுக்கு 150 டாலர் பற்று எழுதினார்கள். 1987-ல் இரண்டரைக் கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பல வருஷம் கழித்துச் சுமார் 10 லட்சத்தில் சமரசமாயிற்று. மைக் டைசன் 1998-ல் பத்துக் கோடி கேட்டார். 2004-ல் ஒரு கோடியே 40 லட்சத்தில் முடிந்தது, அதற்குள் அவர் திவாலாகியிருந்தார். லாரி ஹோம்ஸின் சமரசம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. டைசனுடன் மோதிய பணத்திலிருந்து தரகு என்று 3 லட்சம் டாலர் பிடிக்கப்பட்டதற்காக அவர் வழக்குப் போட்டார். 1,50,000 டாலர் கொடுத்தார்கள். கூடவே, இனிமேல் கிங்கைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் தவறாக எதுவும் சொல்வதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஜொஹானா வாக்னரிடமிருந்து கிளம்பிய தர்க்கம் முழு வட்டம் சுற்றிவிட்டது. மறுபடியும் குரல்.

எல்லா ஒப்பந்தமும் இப்படித்தான் என்று சொல்வது நேர்மையாகாது. 1960-ல் பதினெட்டு வயது காஷியஸ் கிளேயை லூயிவில்லின் பதினோரு பணக்காரர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். 10,000 டாலர் முன்பணம். பிற்காலத்துக்கு அவன் சம்பாத்தியத்தில் 15 சதவீதத்தை அவன் தொட முடியாதபடி சேமிப்பில் போட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஃப்ரேஸியருக்காக 1965-ல் ஒரு கம்பெனியே ஆரம்பித்து, 250 டாலர் பங்குகளாக விற்றார்கள். ஒரு மனிதனின் இடது கை ஹுக்கில் பங்கு வாங்குவது ஆபாசம் என்று இலக்கிய மனம் உடனே சொல்லும். ஆனால் அந்தக் கணக்கு யார் பார்வைக்கும் திறந்திருந்தது. கணக்கு திறந்திருப்பது, அன்பு திறந்திருப்பதைவிடச் சில சமயம் உபயோகமானது.

4

என் பெரியப்பா முகமது அலியை நேரில் பார்த்தவர். 1980-ன் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். "அடிச்ச மாதிரியும் இருந்துச்சு, அடிக்காத மாதிரியும் இருந்துச்சுடா" என்பார் பெரியப்பா. அலியைப் பற்றி அவரிடம் இருந்த ஒரே விமர்சன வாக்கியம் அது.

அதே வருஷம் அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில், ஜோ லூயி கை கொடுத்துக்கொண்டிருந்த அதே சீஸர்ஸ் பாலஸின் வளாகத்தில், முப்பத்தெட்டு வயது அலி ஹோம்ஸுடன் மோதினார். மோதினார் என்பது மரியாதைக்காக. பத்துச் சுற்று வாங்கிக்கொண்டு நின்றார். பதினொன்றாவதற்கு அவரை அனுப்ப மூலையில் இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். ஒப்பந்தப்படி 80 லட்சம் டாலர். சண்டையை நடத்திய டான் கிங் கொடுத்ததில் ஏறக்குறைய 11 லட்சத்து 70 ஆயிரம் குறைந்தது. அலி வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல் மைக்கேல் ஃபென்னர் கெட்டிக்காரர், ஜெயிக்கக்கூடிய வழக்கு.

கிங் அலியிடம் நேரில் போகவில்லை. ஜெரமையா ஷபாஸ் என்பவரைக் கூப்பிட்டனுப்பினார். ஷபாஸ் அலியின் பழைய சிநேகிதர், மதத்தில் சகோதரர். அவர் கையில் ஒரு பெட்டியும் ஒரு கடிதமும் கொடுக்கப்பட்டன. பெட்டியில் 50,000 டாலர் ரொக்கம். கடிதத்தில், வழக்கை விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தது. இனி அலி எந்தச் சண்டை போட்டாலும் அதை நடத்தும் உரிமையும் கிங்குக்கு என்று சேர்த்திருந்தது. அலி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. ஷபாஸ் போனார், பெட்டியைத் திறந்தார், அலி கையெழுத்துப் போட்டார். விஷயம் தெரிந்ததும் வக்கீல் அழுதுவிட்டார். ஷபாஸ் பிற்பாடு இந்தக் காரியத்துக்காக வருத்தப்பட்டார்.

முதல் தடவை படித்தபோது எனக்கு அலி மேல் பரிதாபம், கிங் மேல் கோபம். ஷபாஸைக் கவனிக்கவில்லை. அவன் ஒரு வாகனம், அவ்வளவுதான் என்று நினைத்துக் கடந்துபோனேன்.

இந்த ஆபாசங்களின் விளைவாக 2000-ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அலியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வாய்ப்புக் கொடுப்பதற்குப் பிரதியாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. பிரமோட்டரும் மானேஜரும் ஒருவர் தொழிலில் மற்றவர் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது. சண்டையில் தனக்கு என்ன வருகிறது, எதையெல்லாம் பிடித்திருக்கிறது என்பதைப் பிரமோட்டர் வீரனிடம் சொல்ல வேண்டும். நல்ல சட்டம். விதர்ஸ்பூனுக்கு அது உதவியிருக்கும். அலிக்கு? அவரிடம் ஒப்பந்தம் இருந்தது. தொகை தெரிந்திருந்தது. வக்கீல் இருந்தார், வழக்கு இருந்தது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாததால் அலி தோற்கவில்லை. அவர் காகிதத்தைப் படிக்கவே இல்லை. அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் படித்தார். அந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம்.

5

ஐந்து வருஷத்துக்கு முன் எங்கள் கிளைக்கு ஒரு அம்மாள் வந்தார். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு தடவை வருவார். பணம் எடுக்கும் சீட்டை நான்தான் எழுதிக்கொடுப்பேன். எனக்குத் தம்பி என்ற ஸ்தானம் கொடுத்திருந்தார். அன்றைக்கு மருமகனோடு வந்தார். அவன் ஜெராக்ஸ் கடை வைக்கக் கடன் கேட்டிருந்தான்; அம்மாள் ஜாமீன்.

ஜாமீன் பத்திரம் பத்துப் பன்னிரண்டு பக்கம், ஆங்கிலத்தில். எங்கெங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைப்பது எங்கள் வழக்கம். இன்ட்டு என்போம். "இன்ட்டு போட்ட இடத்தில எல்லாம் போடுங்கம்மா" என்றேன். அவர் எழுத்துக் கூட்டித் தமிழில் கையெழுத்துப் போடுகிறவர். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு. நாலாவது இன்ட்டுவில் நிமிர்ந்து கேட்டார்: "இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. "வழக்கமா எழுதுறதுதாம்மா. எல்லாருக்கும் இதேதான்" என்றேன்.

பொய் இல்லை. எல்லோருக்கும் இதேதான். 1872-ன் ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு: கடன்காரனின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அந்தப் பத்திரத்தின் கடைசியில் இன்னொரு தாள் உண்டு. ஆங்கிலம் தெரியாதவர்கள் கையெழுத்திடும்போது, இதிலுள்ள விஷயங்கள் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டன, அவர் புரிந்துகொண்டார் என்று ஒரு வாசகம். விளக்கியவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதிலும் ஒரு இன்ட்டு போட்டிருந்தது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

கடை ஒன்றரை வருஷம் ஓடியது. நோட்டீஸ்கள் போயின. கடைசியில் அம்மாளின் பெயரில் இருந்த வைப்புத்தொகையை, ஓய்வு பெற்றபோது வந்த பணம் அது, கடனுக்கு ஈடு செய்தார்கள். விதிப்படி எல்லாம் சரி. அவர் வந்து சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "அன்னைக்கே இதைத்தான் எழுதியிருந்துச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பணம் எடுக்கும் சீட்டை எழுதச் சொல்லி என்னிடமே நீட்டினார்.

சட்டத்தில் இதற்கு மருந்து உண்டா என்று தேடினேன். இது என் செய்கை அல்ல என்று சொல்லும் ஒரு பழைய வாதம் இங்கிலாந்தில் இருந்திருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக உண்டானது. 1962-ல் ரோஸ் காலி என்ற எழுபத்தெட்டு வயது விதவையிடம் ஒரு பத்திரம் நீட்டப்பட்டது. அவளுடைய மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. உறவுக்காரப் பையனுக்கு வீட்டை எழுதிவைக்கும் பத்திரம் என்று அவன் சிநேகிதன் சொன்னான். பையனும் உடன் இருந்தான். அவள் கையெழுத்திட்டாள். உண்மையில் அது அந்தச் சிநேகிதனுக்கு வீட்டை விற்கும் பத்திரம். 1970-ல் பிரபுக்கள் சபை, கையெழுத்து கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டது. அதற்குள் அவள் இறந்துபோயிருந்தாள். தீர்ப்பைப் படித்தால் அந்தத் தர்க்கத்தை மறுக்க முடியாது. காகிதத்தை நம்பி அடுத்து வருகிறவன் இருக்கிறான். அவனுக்கு அவளுடைய மூக்குக்கண்ணாடி பற்றித் தெரியாது. ஒப்பந்தம் என்பது கையெழுத்திடுகிறவன் படிப்பதற்காக எழுதப்படுவதே அல்ல. என்றோ ஒருநாள் அதைப் படிக்கப்போகும் ஒரு நீதிபதிக்காக எழுதப்படுகிறது. வாசகன் வேறு, கையெழுத்திடுகிறவன் வேறு. இவனுக்கும் காகிதத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியை ஒரு மனிதன் தன் முகத்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது. ரோஸ் காலிக்கு அந்தப் பையன். அலிக்கு ஷபாஸ்.

இதற்குப் பிறகுதான் ஷபாஸ் எனக்குக் கண்ணில் பட்டார். அவர் துரோகி என்று எனக்குத் தோன்றவில்லை. அலிக்கு அந்த 50,000 டாலர் தேவை என்று நினைத்துத்தான் போனதாகத் தெரிகிறது. அவருக்கும் பின்னால் வரிசை நீண்டிருந்திருக்கும். எல்லோருக்கும் இதேதான் என்று அவரும் ஏதோ சொல்லியிருப்பார். இப்படியெல்லாம் அவருக்காக நான் வாதாடுவது யாருக்காக என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

1989-ல் லண்டனில் ஒரு வழக்கு. நைஜல் பென் என்ற வீரனைத் தன்னோடு பிணைத்துவைக்க, அவனைக் கூட்டிக்கொண்டு போனவர் மேல் ஃப்ராங்க் வாரன் தடை கேட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. குத்துச்சண்டைக்காரனின் காலம் குறுகியது. பழகாவிட்டால் திறமை கெட்டுப்போகும். நம்பிக்கை போன இடத்தில் அவனைக் கட்டிவைப்பது பெயரளவில் தடை, வாஸ்தவத்தில் கட்டாய ஊழியம் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஜொஹானா வாக்னருக்குச் சொல்லப்பட்டதற்கு 137 வருஷம் கழித்து வந்த பதில். நம்பிக்கை என்ற சொல் அங்கே வருகிறது என்பதால் அந்தத் தீர்ப்பை இரண்டு மூன்று தடவை படித்தேன். நம்பிக்கை போனபின் என்ன செய்வது என்று அது சொல்கிறது. நம்பிக்கை இருக்கும்போது நடப்பதற்கு அதனிடமும் பதில் இல்லை.

இப்போது நான் பென்சில் குறி போடுவதற்கு முன்னால் ஜாமீன் பத்திரத்தின் சாரத்தைத் தமிழில் சொல்கிறேன். கடன்காரர் கட்டாவிட்டால் முழுப் பணமும் நீங்கள் கட்ட வேண்டும், உங்கள் வைப்புத்தொகையிலிருந்தும் எடுத்துக்கொள்வார்கள் என்று. ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது. வரிசை முணுமுணுக்கிறது, மேலாளரும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார். போன வாரம் ஒரு பெரியவர், பேரனின் கடனுக்கு. முழுக்கச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்து, "நீங்க இருக்கீங்கல்ல சார், நீங்க சொன்னாச் சரி. எங்க போடணும்?" என்றார்.

இடத்தைக் காட்டினேன்.